ஆழ்ந்த இரங்கலுடன், ஆதரவுப் பிரிவு

எங்கள் ஆபீஸுக்கு ஏசி கிடையாது, ஐயா. கீழே பிரியாணிக் கடை இருப்பதால் ஜன்னலையும் முழுதாகத் திறக்க முடியாது. திறந்தால் பதினோரு மணிக்கே பசிக்கும். நீங்கள் இந்த நாற்காலியில் உட்காருங்கள், இதற்குத்தான் கொஞ்சம் காற்று வரும். சொல்ல வேண்டியதை நான் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. எல்லாமே நல்லெண்ணத்தில் செய்தது என்பதால் ஞாபகமும் தெளிவாகவே இருக்கிறது.

என் பெயர் வேல்விழி. மதிப்பாய்வாளர் ஆதரவுப் பிரிவில் மூத்த நிர்வாகி. பிரிவில் மொத்தம் இரண்டே பேர்: நானும், கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நஸ்ரின் பானுவும். அவளும் மூத்த நிர்வாகிதான்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் உங்களுக்கு எங்கள் வேலையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் வாக்குமூலம் என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்று நஸ்ரின் சொன்னாள். தொற்றுநோய்களைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்து எங்கள் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினால், அச்சாவதற்கு முன் அதே துறையில் பெரிய ஆளாக இருக்கும் இரண்டு பேர் அதைப் படித்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். அவர்கள்தான் மதிப்பாய்வாளர்கள். அவர்கள் யார் என்று எழுதியவருக்குத் தெரியக் கூடாது. அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. சம்பளமில்லாத வேலையை மனிதர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் ஆதரவுப் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறோம்.

நினைவூட்டுவது, தவணை நீட்டிப்பது, நன்றி சொல்வது. இவ்வளவுதான் வேலை. சிலருக்குப் பாஸ்வேர்டு தொலைந்துபோகும். ஒருவர் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மாநாட்டில் இருக்கிறார். இருவரும் படித்துவிட்டாலும் ஒருவர் ஆகா என்பார், மற்றவர் குப்பை என்பார். ஹரி பெரியவரா அரன் பெரியவரா என்று சங்கன், பத்மன் என்ற இரண்டு நாகராஜாக்கள் சண்டை போட்ட ஊர் எங்கள் ஊர். அதைத் தீர்க்க அம்பாளே ஒற்றைக் காலில் தவம் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்த வசதியெல்லாம் இல்லை. மின்னஞ்சல்தான்.

கம்பெனியில் ஒரு விதி உண்டு. மதிப்பாய்வாளர் கோப்பையே இன்னும் திறக்கவில்லை என்று எழுதியவரிடம் சொல்லக் கூடாது. அது மதிப்பாய்வாளருக்குக் கௌரவக் குறைவு. 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி நல்லக்கண்ணு சாரைப் பற்றிச் சொல்கிறேன். சிவகிரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறார். குருவிகுளம் சுற்றுவட்டாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்கு வரும் உண்ணிக்காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி. இரண்டு கோடை ஆட்டுக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறார். கடைசியில் அவருக்கும் உண்ணி கடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. தன்னையும் ஒரு நோயாளியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார், அவ்வளவு நேர்மை. கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கல்வியாண்டு முடிவதற்குள் கடிதம் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

கட்டுரை இரண்டு பேரிடம் போயிற்று. ஒருவர் பெல்ஜியத்து அம்மையார். அவர் 'நன்று' என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார். இன்னொருவர் பேராசிரியர் கோமதிநாயகம்.

பேராசிரியர் எங்கள் ஊர்க்காரர். வடநாட்டில் பெரிய பதவியெல்லாம் பார்த்து ஓய்வு பெற்று வந்து ரத வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறார். வாசல் பலகையில் பட்டங்கள் மூன்று வரி. பெயர் நாலாவது வரி, அதிலும் இடம் போதாமல் கடைசி இரண்டு எழுத்து சின்னதாகிவிட்டது. கம்ப்யூட்டரில் படிப்பது அறிஞர்களுக்கு அழகில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே கட்டுரைகளை அச்செடுத்து நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கி, ஏற்கெனவே இருக்கும் அடுக்கின் மேல் வைப்பார். எந்தக் கட்டுரைக்கும் அவர் சொல்வது இரண்டே வாக்கியம்: 'ஆழம் போதாது. இத்துறையின் அடிப்படையான 1994ஆம் ஆண்டுக் கட்டுரையை ஆசிரியர் பார்க்கவில்லை.' அந்த அடிப்படைக் கட்டுரை அவருடையது. நானும் தேடிப்பிடித்துப் பார்த்தேன். ஒரு கருத்தரங்க மலரில், மதியச் சாப்பாட்டு நேரம் போட்டிருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் இருக்கிறது.

உண்ணிக்காய்ச்சல் கட்டுரைக்கு அந்த இரண்டு வாக்கியமும் வரவில்லை. நான் நேரில் போய்க் கேட்டேன்.

"ஏ பிள்ளே, ஆராய்ச்சி என்ன வடையா, போட்ட ஒடனே எடுக்க? ஊறணும்," என்றார்.

"மூணு மாசமா ஊறுது, ஐயா."

"அதுக்குள்ளயா கேக்க வந்துட்ட?"

உள்ளேயிருந்து அவர் மனைவி ஆறுமுகத்தாய் அம்மாள், "எந்தக் கட்டு? முன்னால ஆடு படம் போட்டிருக்குமே, அதா? அத விரிச்சுல்லா நேத்து முருங்கைக்கீரை ஆஞ்சேன்," என்றார்.

அன்று சாயங்காலம்தான் நல்லக்கண்ணு சார் எங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். தினமும் செய்பவர்தான்.

"மேடம், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. படிச்சிட்டாவளா, படிக்கலியா?"

பரிசீலனையில் உள்ளது என்றேன். அவர் போனை வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுகையை அடக்குகிற மூச்சு. எனக்கு மனசு கேட்கவில்லை. கீரையைப் பற்றிச் சொல்லலாம் என்றால் விதி இருக்கிறது.

"அவங்க வீட்ல ஒரு துட்டி, சார்," என்றேன்.

ஐயா சென்னையில் இருப்பதால் சொல்கிறேன், துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அய்யய்யோ. யாரு மேடம்?"

"பெரியம்மா."

"வயசானவங்களா?"

"வயசானவங்கதான்."

"சரி மேடம், சரி. காரியமெல்லாம் முடியட்டும். நான் ஒரு மனுசன், நேரங்காலம் தெரியாம போன் பண்ணிக்கிட்டு." வைத்துவிட்டார். இரண்டு வாரம் போனே இல்லை.

அந்தப் பெரியம்மா யாருக்கும் பெரியம்மா இல்லை. அவளைப் பெற்று வளர்த்து எடுத்தது எல்லாம் அந்த ஒரு போனில்தான். பாவம், நல்ல மனுஷி. போகும்போதும் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. கூடவே இரண்டு பேருக்கு நிம்மதி கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாமதம் யாரையும் நோகடிப்பதில்லை, காரணம் தெரியாத தாமதம்தான் நோகடிக்கிறது. எங்கள் பிரிவுக்கு இதுவரை இல்லாத ஒரு ஆதரவு முறை இது. மற்றக் கட்டுரைகளுக்கும் விரிவுபடுத்தினேன். பெரியப்பா, சித்தி என்றால் இரண்டு வாரம் கிடைக்கும். மாமனார் ஒரு மாதம் வருவார். பெல்ஜியத்து அம்மையாருடைய அத்தை ஒருத்தி இருந்தாள், ஒரு முழு மழைக்காலத்தைத் தாங்கினாள். மின்னஞ்சலின் கீழே 'ஆழ்ந்த இரங்கலுடன், ஆதரவுப் பிரிவு' என்று போடுவேன். எழுதியவர்கள் உருகிப் பதில் போடுவார்கள். பிரேசிலிலிருந்து ஒருவர் மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். குழந்தைகளைத் தொட மாட்டேன். பண்டிகை நாளில் யாரையும் எடுக்க மாட்டேன். நோய் எதுவும் வைக்க மாட்டேன். இந்தக் கடைசிக் கட்டுப்பாடு அனுபவத்தில் வந்தது. ஒரு முறை டெங்கு என்று எழுதிவிட்டேன். எழுதியவர் உடனே, எந்த வகை டெங்கு, பிளேட்லெட் எவ்வளவு, ரத்த மாதிரி கிடைக்குமா என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து மாரடைப்பு மட்டும்தான். மாரடைப்பு என்றால் தொற்றுநோய்க்காரர்களுக்கு ஆர்வம் போய்விடும்.

நஸ்ரின் பானுவுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். ஆனால் அவள் கை சுத்தம். பையை வைத்ததும், "ஏட்டி, இன்னைக்கு யாரு மவுத்து?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.

"லக்னோ பேராசிரியரோட சித்தப்பா."

"போன மாசம் அவருக்குத்தானே பெரியப்பா போச்சு? பாத்துக்கோ, அந்தக் குடும்பத்துல என்னமோ பரவுது."

அந்தக் காலாண்டில் தாமதப் புகார் ஒன்றுகூட வரவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குக் கேடயம் வந்தது. அதோ, உங்கள் தலைக்கு மேலே மாட்டியிருக்கிறோம். கையெழுத்து உங்களுடையதுதான், ஐயா.

நல்லக்கண்ணு சாருக்காகப் பேராசிரியர் வீட்டில் பெரியம்மாவுக்குப் பிறகு மாமனாரை எடுத்தேன். அதற்குப் பிறகு தம்பி சம்சாரம். மூன்றாவது தடவை நல்லக்கண்ணு சாருடைய குரலே மாறிவிட்டது.

"மேடம், அவுகளுக்கு யாராவது ஆறுதலா இருக்காவளா? எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க, நேர்ல போய் ஒரு துட்டி விசாரிச்சிட்டு வந்திருதேன்."

"மதிப்பாய்வாளர் யாருன்னு சொல்லக் கூடாது சார். ரூல்."

"துட்டிக்கு என்ன மேடம் ரூலு? மூணு சாவு விழுந்த வீடு. விசாரிக்காம விட்டா நான் மனுசனா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். துட்டிக்குப் போகாவிட்டால் உறவு அத்தோடு சரி. இதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பிரேசில்காரருக்கு மெழுகுவர்த்தி போதும். சிவகிரிக்காரருக்குப் போதாது.

கல்வியாண்டு முடியும் நேரம் வந்துவிட்டது. அடுத்த வாரத்துக்குள் கடிதம் கொண்டுவராவிட்டால் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று அவர் போனில் சொன்னார். புகார் மாதிரிச் சொல்லவில்லை, "அவுகள அவசரப்படுத்த வேண்டாம் மேடம்" என்றுதான் சொன்னார். பேராசிரியர் குடும்பத்தில் எடுப்பதற்கு இனி பெரிதாக யாரும் இல்லை. மதிப்பாய்வாளரையே மாற்றுவது ஒன்றுதான் வழி.

மாற்ற வேண்டுமானால் எங்கள் மென்பொருள் காரணம் கேட்கும். மூன்று காரணம்தான் ஏற்றுக்கொள்ளும்: மறுத்துவிட்டார், தொடர்பில் இல்லை, காலமானார். நான் முறையாகவே ஆரம்பித்தேன். பேராசிரியரிடம் போய், முடியவில்லை என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றேன். "நான் மறுத்தா இந்தத் தொறையே என்ன பிள்ளே ஆகும்?" என்றார். தொடர்பில் இல்லை என்று போடலாம்தான். ஆனால் அது பொய். அப்போதுதான் அவரோடு உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

மிச்சம் இருந்தது மூன்றாவது.

சலனமில்லாமல்தான் அழுத்தினேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. 'ஆம்' என்றேன். அதற்கப்புறம் டீ குடித்தேன்.

புது மதிப்பாய்வாளரிடம் கட்டுரை போகும், அவர் படிப்பார், முடிந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வெளிநாட்டிலிருக்கும் தலைமை ஆசிரியர் கலங்கிப்போய்விட்டார். ஈடு செய்ய முடியாத இழப்பு என்றும், ஆய்விதழின் இணையப் பக்கத்தில் உடனே ஓர் அஞ்சலி போடப் போவதாகவும் எழுதினார். பேராசிரியர் கடைசியாக எழுதிய மதிப்புரை ஏதாவது கைவசம் இருந்தால் அனுப்புங்கள், அதையே அவருடைய இறுதிச் சொல்லாக வெளியிட்டு, அவர் முடிவை அப்படியே மதித்து ஏற்றுக்கொள்வோம் என்றும் கேட்டிருந்தார்.

ஒரு பெரியவரின் இறுதிச் சொல்லைக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுதினேன்.

அவருடைய நடை மாறக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். 'ஆழம் போதும்' என்று ஆரம்பித்தேன். 'இந்த இளைஞரின் உழைப்பில் என் இளமையைக் காண்கிறேன். ஆய்வு செய்த விதத்தை விளக்கும் பகுதியில் ஒரு வரிகூட வீணில்லை. என் 1994ஆம் ஆண்டுக் கட்டுரை எங்கே முடிந்ததோ அங்கே இது தொடங்குகிறது.' கட்டுரையை நான் படித்தேனா என்று கேட்கிறீர்கள். படிக்கவில்லை, ஐயா. படிப்பது மதிப்பாய்வாளர்களின் வேலை. அடுத்தவர் வேலையில் நான் தலையிடுவதில்லை.

கட்டுரை மறுநாளே ஏற்கப்பட்டது, அஞ்சலியோடு சேர்த்து இணையப் பக்கத்திலும் ஏறிவிட்டது. நல்லக்கண்ணு சார் கடிதத்தைக் கல்லூரியில் கொடுத்துவிட்டார். அன்று நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

ஆனால் அஞ்சலியில் பேராசிரியருடைய பெயர் இருந்தது, ஊர் இருந்தது, யாருடைய கட்டுரைக்கு அந்த மதிப்புரை என்பதும் இருந்தது. அடுத்த நாள் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது.

"அக்கா," என்றார் நல்லக்கண்ணு சார். அதுவரை மேடம் என்றவர். "மூணு சாவத் தாங்கிக்கிட்டு, சாகப்போற நேரத்துல எனக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காவ அக்கா அந்தத் தெய்வம். மால வாங்கிட்டேன். வீட்டுக்கு வழி கேட்டேன், இங்கன பந்தல் போடுத அண்ணாச்சி கூட்டிட்டுப் போறாரு."

நான் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் அவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுகிறார். ஆறுமுகத்தாய் அம்மாள் தோசைக் கரண்டியோடு நிற்கிறார். எங்கள் பக்கத்தில் துட்டி வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை. போகிறவர்களும் வணக்கம் சொல்வதில்லை, இன்னார் என்று சொல்லிக்கொள்வதில்லை. நேரே போய் உட்கார வேண்டும். அதனால் அம்மாள் கேட்ட எதற்கும் நல்லக்கண்ணு சார் பதில் சொல்லவில்லை.

"ஏ பிள்ளே, யாரு இது? காலங்காத்தால வந்து உக்காந்து அழுதான். ஊமையா?" என்று அம்மாள் என்னிடம் கேட்டார்.

நானும் பேசாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். துட்டி விசாரிக்க முறை இருக்கிறது. துட்டி இல்லை என்று போய்ச் சொல்வதற்கு இதுவரை யாரும் ஒரு முறையை ஏற்படுத்தி வைக்கவில்லை.

கடைசியில் நல்லக்கண்ணு சாரே வாயைத் திறந்தார். "அம்மா மனசத் தேத்திக்கிடணும்."

"எதுக்கு?"

"ஐயா இல்லாத கொறைய யாரால தீக்க முடியும்?"

"ஐயாவா? கொல்லையில பல்லு வெளக்குதாவ."

அந்த நேரம் வாசலில் கடப்பாரைச் சத்தம். பந்தல்காரர் மூக்காண்டி லோடு ஆட்டோவிலிருந்து தகரத்தையும் நாற்காலியையும் இறக்கி, முதல் காலுக்குக் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். "அம்மா, நடுவுல நாட்டவா, ஓரமா நாட்டவா? வெளியூர்லேர்ந்து கார் ஏதும் வருமா?" என்று வாசலிலிருந்தே கேட்டார். ஏற்கெனவே போட்ட நாற்காலிகளில் தெருக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்தும்விட்டார்கள்.

வாயில் நுரையோடு பேராசிரியர் பக்கவாட்டுச் சந்து வழியாக வெளியே வந்தார். "யார்லே என் வாசல்ல குழி தோண்டுதது?"

"ஒங்களுக்குத்தான் ஐயா," என்றார் மூக்காண்டி குனிந்த தலை நிமிராமல். பிறகு நிமிர்ந்து பார்த்தார். கடப்பாரை கையிலிருந்து நழுவிவிட்டது. "ஐயா... நீங்களே வந்து நின்னு பாக்கேளே," என்றார்.

நல்லக்கண்ணு சார் ஓடிவந்தார். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் மாலை இருந்தது, எதிரில் பேராசிரியர் இருந்தார். போட்டுவிட்டார். பேராசிரியருக்கு மாலையைக் கண்டதும் தலை தானாகக் குனிந்தது. எத்தனையோ வருட மேடைப் பழக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கத்துவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். நல்லக்கண்ணு சார் அஞ்சலியின் அச்சுப் பிரதியை நீட்டினார். பேராசிரியர் வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, பந்தலுக்குப் போட்ட நாற்காலியில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து படித்தார். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான்," என்றார்.

"நான் கழுத்துல தாலியோட குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். இவுகளுக்கு எழப்புன்னதும் மொகத்துல வார சிரிப்பப் பாரு," என்றார் அம்மாள்.

மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் அவர் முகம் சுருங்கியது. "இணைப் பேராசிரியர்னு போட்டிருக்கான்," என்றார். "நான் முழுப் பேராசிரியர்லா?"

அந்தத் தவறு என்னுடையதல்ல, ஐயா. வெளிநாட்டில் போட்டது.

பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவருடைய இறுதி மதிப்புரை. படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நல்லக்கண்ணு சாரும் என்னைப் பார்த்தார், அவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. கடிதம் கல்லூரியில் இருக்கிறது, வேலை அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இவர் இதை நான் எழுதவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இது... நான் எழுதினதா?" என்றார் பேராசிரியர்.

"ஐயா நடை வேற யாருக்கு வரும்?" என்றேன்.

தெருவே காத்திருந்தது. அவர் மறுபடி ஒரு முறை பார்த்தார். '1994' என்ற இடத்தில் விரல் நின்றது. "ஆமா," என்றார். "நான் எழுதினதுதான். அந்திம நேரத்துல எழுதுனேன். அதான் ஞாபகம் இல்ல."

கட்டுரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று தெருக்காரர்கள் கேட்டார்கள். இறுதிச் சொல்லே எழுதிவிட்டபின் தெரியாது என்று சொல்ல முடியுமா? பேராசிரியர் உள்ளே போய், கீரைக் கறை படிந்த அந்தக் கட்டை எடுத்துவந்து, முதல் முறையாக அதைப் படிக்க ஆரம்பித்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு விளக்கம். ஆய்வு செய்த விதத்தைச் சொல்லும் பகுதியில் பாதியில் நின்றார். அந்த வரியைத் தமிழில் சொன்னார்: "இதுவரை யாராவது படித்திருந்தால், தயவுசெய்து கீழ்க்கண்ட எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கவும்."

நல்லக்கண்ணு சார் முகத்தை மூடிக்கொண்டார். இதற்கு முன் வேறோர் ஆய்விதழில் அந்தக் கட்டுரை ஒரு வருஷம் திறக்கப்படாமல் கிடந்ததாம், அந்தக் கோபத்தில் சேர்த்ததாம். பெல்ஜியத்து அம்மையாரைத் தாண்டி, தலைமை ஆசிரியரைத் தாண்டி, மொழி திருத்துபவரைத் தாண்டி, அந்த வரி பத்திரமாக வெளியாகியிருந்தது.

பேராசிரியர் மடியிலிருந்து போனை எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார். நல்லக்கண்ணு சாருடைய சட்டைப் பையில் மணியடித்தது. ஒரு மணி அடித்து நின்றது. அவர் மறுபடியும் அழ ஆரம்பித்தார். இந்தத் தடவை அழுததற்குத் துட்டி காரணமில்லை.

ஆபீஸுக்கு வந்து சொன்னேன். "மவுத்தானவர் பல்லு வெளக்கிட்டு வந்தாரா? சுப்ஹானல்லா," என்றாள் நஸ்ரின். "இத்தோட நிப்பாட்டிக்கோ ஏட்டி." நிறுத்திவிடுவதாக அவளிடம் சொன்னேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

பேராசிரியர் உங்களுக்குப் புகார் எழுதியது தன்னைச் சாகடித்ததற்காக இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நானும் அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தவள்தான். இணைப் பேராசிரியர் என்பதைத் திருத்த வேண்டும், திருத்திய அஞ்சலியை அதே இடத்தில் மறுபடி வெளியிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கோரிக்கை. இறந்தவரிடமிருந்து புகார் எப்படி வந்தது என்று தலைமை அலுவலகத்தில் யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனால் விசாரணை. விசாரணை முடியும்வரை நல்லக்கண்ணு சாருடைய கட்டுரை நிறுத்திவைப்பு.

இங்கேதான், ஐயா, நான் உங்களிடம் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

போன மாதமே வருவதாக இருந்தீர்கள். மாநாடு என்று தள்ளிப்போட்டீர்கள். பிறகு இன்னொரு மாநாடு. குறை சொல்லவில்லை, பெரியவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஆனால் கல்லூரியிலிருந்து தினமும் போன் வருகிறது. விசாரணை முடிந்ததா, இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து காத்திருக்கிறார் என்று. நல்லக்கண்ணு சார் முதல்வர் அறை வாசலிலேயே நிற்கிறாராம். விசாரணை அதிகாரி இன்னும் கோப்பைத் திறக்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்களுக்கு அது எவ்வளவு கௌரவக் குறைவு.

போன திங்கட்கிழமை சொன்னேன். முதல்வர் மிகவும் நல்ல மாதிரி. புது அதிகாரியைப் போடும்வரை நல்லக்கண்ணு சாரை யாரும் அசைக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். சார் இப்போது வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதனால் இன்று மத்தியானம் நேரில் போய்க் கல்லூரியையும் விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்களே, அது மட்டும் வேண்டாம். உங்கள் படத்துக்கு மாலை போட்டு முன்வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்களாம். நீங்கள் கவலைப்பட எதுவுமில்லை. தூக்கத்திலேயே என்றுதான் எழுதியிருக்கிறேன், ஐயா. நீங்கள் கொஞ்சம்கூடக் கஷ்டப்படவில்லை.